2பி என்றால் புற்றுநோய் வரும் என்று அர்த்தமில்லை

5ஜி கோபுரத்துக்கு எதிராக உங்கள் அண்ணன் காட்டும் 2பி பட்டியல், அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவு, உண்மைதான். 5ஜி கோபுரத்தால் புற்றுநோய் வரும் என்று அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவுதான் தவறு. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை அதில் சேர்த்தது. அந்தப் பிரிவு சொல்வது சான்று எவ்வளவு வலுவானது என்பதை. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது.

அவரோடு உட்கார்ந்து, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை இருக்கும் முதல் பிரிவைத் திறந்து பாருங்கள். சிகரெட்டும் வெயிலும் ஒரே இடத்தில் இருக்கும். இரண்டும் சம ஆபத்தா என்று கேளுங்கள்.

அப்புறம், 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலையைவிடச் சாதாரண வெளிச்சத்தின் அதிர்வெண் லட்சம் மடங்குக்கு மேல். அதற்கே அணுக்களை அயனியாக்கும் ஆற்றல், அதாவது எக்ஸ்ரே போல எலக்ட்ரானைப் பிரித்து உடல் செல்லைச் சேதப்படுத்தும் ஆற்றல், கிடையாது.

ஒரு கவனம்: 'ஆபத்தே இல்லை என்று நிரூபித்தாயிற்று' என்று நீங்களும் சொல்லிவிடாதீர்கள். 2பி அதையும் சொல்லவில்லை. அவர் பயத்தைக் கேலி செய்யவும் வேண்டாம்.