கிரீன்ஸ்பர்க்குக்குக் கிடைத்த 20 நிமிடங்கள்

கேள்வி: டொர்னாடோ என்னும் சுழற்காற்றில் ஊரே தரைமட்டமானது என்று செய்திகளில் படிக்கிறோம். அப்படி ஒரு ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே மனிதர்கள் எப்படித்தான் தப்பினார்கள்?

பதில்: எனக்கு உடனே நினைவுக்கு வருவது அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் உள்ள கிரீன்ஸ்பர்க். கோதுமை வயல்களுக்கு நடுவே சுமார் 1,400 பேர் வாழ்ந்த ஊர். 2007 மே 4, வெள்ளிக்கிழமை, இரவு பத்து மணியை நெருங்கும் நேரம். தெற்கிலிருந்து வந்த அந்தச் சுழலின் அகலம் ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர். ஊரைவிடப் பெரியது! அதனால் எந்தத் தெருவுக்கும் ஒதுங்க இடமில்லை. நூற்றுக்கு 95 பங்கு ஊர் அழிந்தது. நின்ற மரங்களிலும் பட்டை உரிந்திருந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டாமல் போனதற்கு நான் நன்றியோடு நினைப்பது அந்த 20 நிமிடங்களை. அதே மாநிலத்தின் டாட்ஜ் சிட்டி நகரில் உள்ள வானிலை அலுவலகம் வழக்கமான எச்சரிக்கையோடு நிற்காமல் ‘டொர்னாடோ அவசரநிலை’ என்றே அறிவித்தது. காற்று வந்து சேர ஏறக்குறைய 20 நிமிடங்களுக்கு முன்பே ஊரில் அபாயச் சங்கு ஒலித்தது. இரவில் வரும் டொர்னாடோ கண்ணுக்குத் தெரியாது. மின்னல் வெட்டும்போது ஒரு கணம் உருவம் தெரியும், அவ்வளவுதான். சங்கை நம்பித்தான் இறங்கவேண்டும். மக்கள் நம்பினார்கள், வீட்டுக்கடியில் இருந்த நிலவறைக்குள் இறங்கினார்கள். மேலே வீடு போனது, கீழே உயிர் நின்றது. வருடக்கணக்கில் ‘சும்மா ஊதுகிறது’ என்று தோன்றக்கூடிய சங்குதான் அது. அன்றைக்கு அதை அலட்சியம் செய்யாதவர்களையும் சேர்த்துத்தான் நாம் நினைக்கவேண்டும்.

கேள்வி: அந்த ஊர் மீண்டதா?

பதில்: கட்டடங்கள் மீண்டன. நகராட்சியின் பெரிய கட்டடங்களை ஆற்றல் சிக்கனத்துக்கான மிக உயர்ந்த தரத்தில்தான் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். காற்றாலையும் வைத்தார்கள், அழித்த காற்றிலிருந்தே மின்சாரம். 1888இல் கையால் தோண்டி முடித்த, 109 அடி ஆழக் கிணற்றின்மேல் புது அருங்காட்சியகம் எழுந்தது. பழைய அருங்காட்சியகத்தின் இடிபாட்டிலிருந்து மீட்ட 450 கிலோ விண்கல்லும் அங்கே இருக்கிறது.

ஆனால் 2010 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 777. ஏறக்குறைய பாதிப் பேர் இல்லை. ‘பசுமை ஊர்’ என்று பாராட்டி எழுதுகிறவர்கள் இந்த எண்ணை விட்டுவிடுவது எனக்கு வருத்தம்தான். வீட்டை இழந்தவர் அதே ஊரில் மறுபடி கடன் வாங்கி, மறுபடி அஸ்திவாரம் போட எல்லோராலும் ஆகிற காரியமா? போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.