குதிரையின் பல்லை யாரிடம் காட்டுவது?

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற 12 வயதுக் குதிரை ஒன்றை ஈப்போவில் வாங்கி, எங்கள் பழத்தோட்டத்தில் வளர்த்து வருகிறோம். சில வாரங்களாக அது புல்லை அரைகுறையாக மென்று, உருண்டை உருண்டையாகக் கீழே போடுகிறது. குதிரை லாயத்தில் சைஸாக (குதிரை பராமரிப்பாளராக) வேலை பார்த்த ஒருவர், மயக்க ஊசி எதுவும் இல்லாமல் அரை மணி நேரத்தில் பல்லை அராவித் தருவதாகச் சொல்கிறார். கால்நடை மருத்துவரோ அதைப்போல் மும்மடங்கு கட்டணம் கேட்கிறார். யாரை அழைக்கலாம்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மருத்துவரையே அழையுங்கள். ஆரோக்கியமான வாயுள்ள குதிரையாக இருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். உங்கள் குதிரையோ நோய்க்குறி காட்டத் தொடங்கிவிட்டது.

குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது ஏறக்குறைய அதே அளவு தேயும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது என்பதால், மேற்பற்களின் கன்னப் பக்கத்திலும் கீழ்ப்பற்களின் நாக்குப் பக்கத்திலும் தேயாத விளிம்புகள் கூராகிப் புண்ணாக்கும். புல்லைத் துப்புவதற்கு இது காரணமாக இருக்கலாம். ஆனால் ஆடும் பல், உடைந்த பல், பல்லிடுக்கில் சிக்கி அழுகிய தீனி ஆகியவையும் அதே குறியைத்தான் காட்டும். இவற்றை அரத்தால் சரிசெய்ய முடியாது. வாயைத் திறந்து நிறுத்தும் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, விளக்கும் கண்ணாடியும் கொண்டு கடைசிப் பல்வரை பார்த்தால்தான் காரணம் விளங்கும். அதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும், அதை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். 1974ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி, மலேசிய கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்று, ஆண்டுதோறும் தொழிற்சான்றிதழைப் புதுப்பிப்பவரே விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கலாம்.

ஆனால், பதிவு மட்டும் போதாது. நாள் முழுவதும் பூனையையும் நாயையும் பார்ப்பவருக்குக் குதிரையின் வாய் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆகவே, குதிரைகளுக்குத் தொடர்ந்து பல் பார்க்கிறாரா, பார்த்ததைப் பல் வரைபடத்தில் குறித்துத் தருவாரா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். 'எல்லாப் பல்லையும் வழுவழுப்பாக்கிவிடுகிறேன்' என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கொத்தாத அம்மியில் மசாலை அரைபடாததுபோல், வழுவழுப்பான கடைவாயில் புல் அரைபடாது. மின்சார அரத்தை ஒரே பல்லில் நெடுநேரம் அழுத்தினால் சூடேறி உள்ளிருக்கும் பற்கூழும் கெடும். அளவுக்கு மீறி அராவிய பல்லை மீண்டும் ஒட்டவைக்க வழியில்லை.

அருகில் ஆள் கிடைக்காவிட்டால், ஈப்போ குதிரைப் பந்தய வட்டாரத்தில் குதிரை வைத்திருப்போரிடம் விசாரியுங்கள். செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையையும் தொடர்பு கொள்ளலாம். அந்தச் சைஸையும் வரச்சொல்லுங்கள். குதிரையின் தலையைப் பிடித்து அமைதிப்படுத்த அவரைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. சிகிச்சை முடிந்ததும், மயக்கம் முழுவதும் தெளியும்வரை தீனி வைக்காதீர்கள். அரைமயக்கத்தில் விழுங்கினால் உணவுக்குழாயில் தீனி அடைத்துக்கொள்ளும்.