காஸ் துணியும் கம்பி வலையும்

கேள்வி: புண்ணுக்குக் கட்டும் துணியையும், பள்ளி ஆய்வகத்தில் முக்காலியின் மேல் வைக்கும் கம்பி வலையையும் 'காஸ்' என்றே சொல்கிறார்களே, இரண்டுக்கும் என்ன உறவு?
– வாசகி, குடியாத்தம்

பதில்: இது சமையல் காஸ் அல்ல, இழைகளுக்கிடையே தாராளமாக இடைவெளி விட்டு நெய்யப்படுவதற்கு உரிய பெயர். இழை பருத்தியா இரும்பா என்பது அடுத்த கேள்வி. கைத்தறி ஊரிலிருந்து கேட்பதால் தறி மொழியிலேயே சொல்கிறேன்: அசல் காஸ் நெசவில் இரண்டிரண்டு பாவு (நீளவாட்டு) இழைகள் ஊடை (குறுக்கு) இழையைச் சுற்றி ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வதால், துணி சல்லடைபோல் இருந்தும் இழைகள் நகர்வதில்லை. மருத்துவமனைத் துணியோ பெரும்பாலும் சாதாரண நெசவுதான். பஞ்சின் இயற்கை மெழுகு நீங்கும்படி காரத்தில் வேகவைத்து வெளுப்பதால்தான் அது ஈரத்தை உறிஞ்சுகிறது.

ஆய்வகக் கம்பி வலை, பர்னர் சுடரின் சூட்டைப் பரப்பி, கண்ணாடிக் குடுவையின் அடி ஒரே இடத்தில் சூடேறி விரிசல் விடாமல் காக்கிறது. அதன் நடுவிலுள்ள வெள்ளை வட்டம் முன்பு கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் இப்போது பீங்கான் வகைப் பூச்சு வந்துவிட்டது. 1815இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கின் சுடரைக் கம்பி வலையால் சூழ்ந்ததும் இந்தக் குணத்தை நம்பித்தான்: வலை வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், சுடர் அதைத் தாண்டிப்போய் வெளியிலுள்ள எரிவாயுவைப் பற்றவைப்பதில்லை.