மாண்ட்ரில் குரங்கு: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: மாண்ட்ரில் ஒரு வகை பபூன்தானே?

பதில்: ஒரு காலத்தில் அப்படித்தான் வகைப்படுத்தினார்கள். அந்த நீண்ட முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மரபணுக்களை ஒப்பிட்ட பிறகுதான், அதற்கு நெருங்கிய சொந்தம் மாங்கபே என்னும் வேறு வகை ஆப்பிரிக்கக் குரங்குகள் என்று தெரிந்தது. மாண்ட்ரில், மத்திய ஆப்பிரிக்காவில் கேமரூனின் தெற்கு, ஈக்வடோரியல் கினி, காபோன், காங்கோ குடியரசு ஆகிய இடங்களின் மழைக்காடுகளில் வாழ்கிறது.

கேள்வி: எவ்வளவு பெரிதாக வளரும்?

பதில்: கொரில்லா, சிம்பன்சி போன்ற வாலில்லாக் குரங்குகளை விட்டுவிட்டால், இதுதான் உலகிலேயே பெரிய குரங்கு. வளர்ந்த ஆண் சுமார் 30 கிலோ. பெண் அதில் பாதிகூடத் தேறாது. வால்? குட்டையாக ஒரு முளை போல இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: முகத்தில் சாயம் பூசியது போல இருக்கிறதே, அது உண்மையான நிறமா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆண் மாண்ட்ரிலின் மூக்குத்தண்டு நல்ல சிவப்பு. அதன் இரு பக்கமும் உழுத வயல் போல வரிவரியாக மேடு பள்ளம், அத்தனையும் நீலம். தாடி மஞ்சள். பின்புறத்திலும் சிவப்பு, நீலம், ஊதா. 1871இல் வந்த தன் நூலில் டார்வின், பாலூட்டிகளில் இவ்வளவு விசித்திரமாக வண்ணம் கொண்டது வேறெதுவும் இல்லை என்று எழுதினார்.

அந்தத் தோலில் நீலச் சாயம் துளியும் கிடையாது. தோலுக்குள் கொலாஜன் என்ற புரத இழைகள் சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை ஒளியின் நீலப் பகுதியை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. மயில் கழுத்தின் நீலமும் சாயத்தால் வருவதல்ல, இப்படி அமைப்பால் வருவதுதான்.

சிவப்பின் கதை வேறு. அது தோலுக்கடியில் ஓடும் ரத்தம். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறினால் சிவப்பும் ஏறும். கூட்டத்தில் முதலிடம் பிடித்த ஆணின் முகம் பளீரென்று சிவக்கும். அந்த இடத்தை இழந்தால் சிவப்பு மங்கும், நீலம் அப்படியே நிற்கும். அதாவது, தான் யார் என்பதை அது முகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. எதிரில் வரும் இன்னொரு ஆண் அதைப் படித்துவிட்டு, சண்டைக்குப் போவதா விலகுவதா என்று முடிவு செய்யலாம். 4, 5 சென்டிமீட்டர் கோரைப்பல் உள்ள விலங்குக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு.

கேள்வி: பல்லைக் காட்டினால் கடிக்கப் போகிறது என்று அர்த்தமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சத்தமில்லாமல் உதட்டை விரித்துப் பல்லைக் காட்டினால் அது சிநேகம். முறைத்துப் பார்த்துக்கொண்டே கையால் தரையில் அறைந்தால்தான் மிரட்டல்.

கேள்வி: கூட்டமாக வாழுமா?

பதில்: சாதாரணக் கூட்டம் இல்லை! காபோனின் லோப்பே தேசியப் பூங்காவில் ஒரே கூட்டத்தில் 800க்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். அங்கே பெண்களும் குட்டிகளும்தான் கூட்டத்தின் நிரந்தர ஆட்கள். பெரிய ஆண்கள் பெரும்பாலும் தனியே திரிந்துவிட்டு, இனச்சேர்க்கைக் காலத்தில் வந்து சேருவார்கள்.

கேள்வி: என்ன சாப்பிடும், எங்கே தூங்கும்?

பதில்: பழமும் விதையும்தான் முக்கியம். அப்புறம் எறும்பு, கரையான், காளான். பகலில் தரையில் உட்கார்ந்து, சருகை ஒவ்வொன்றாகப் புரட்டி, அகப்பட்டதைக் கன்னப்பையில் அடைத்துக்கொள்ளும். இரவில் மரத்தில் தூக்கம்.

கேள்வி: நோய் வந்த குரங்கை மற்றவை ஒதுக்கிவிடும் என்கிறார்களே அக்கா, நிஜமா?

பதில்: பாதி நிஜம். குடலில் ஒட்டுண்ணி உள்ள குரங்குக்கு மற்றவை பேன் பார்ப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. மலத்தின் வாடையை வைத்தே கண்டுபிடிக்கின்றன. ஆய்வாளர்கள் மருந்து கொடுத்து ஒட்டுண்ணியை நீக்கியதும் மறுபடி பேன் பார்க்க வந்தன. ஆனால் தாயும் பிள்ளையும் ஒன்றையொன்று விடுவதில்லை. இதைப் படித்த நாளில் எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

கேள்வி: அழிவின் விளிம்பிலா இருக்கிறது?

பதில்: உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான IUCN வெளியிடும் சிவப்புப் பட்டியலில் 'அழிவாய்ப்புள்ள இனம்' என்று இருக்கிறது. காடு சுருங்குவது ஒரு காரணம், இறைச்சிக்காக வேட்டையாடுவது இன்னொன்று. நூற்றுக்கணக்கில் சத்தம் போட்டுக்கொண்டு நகரும் கூட்டத்தைத் துப்பாக்கிக்காரர்கள் தேட வேண்டியதே இல்லை. மரம் வெட்டப் போடும் பாதைகள் அவர்களைக் காட்டின் நடுவிலேயே கொண்டுபோய் விடுகின்றன.