ஷில்லாங்கில் ஏது ரயில் நிலையம்?

கேள்வி: மாமியாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மேகாலயா போவதற்காக, ஆன்லைனில் 749 ரூபாய்க்கு ஒரு பயண வழிகாட்டி வாங்கினேன். 41-ஆம் பக்கத்தில் ‘ஷில்லாங் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம்’ என்று இருக்கிறது. நோங்ரியாட் வேர்ப்பாலம் வரை கார் போகும் என்கிறது. அங்கே போனால் ஆயிரக்கணக்கில் படிகள். மாமியார் முட்டி வலியோடு மேலேயே உட்கார்ந்துவிட்டார். இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஏஐ கண்டறியும் தளத்தில் போட்டுப் பார்த்தேன், 92 சதவீதம் இயந்திரம் எழுதியது என்றது. ஆசிரியர் படத்தோடு ‘ஃபிராடு’ என்று ஃபேஸ்புக் பயணக் குழுவில் பதிவிட்டேன். விற்பனைப் பக்கத்தில் ‘12 ஆண்டுகள் ஷில்லாங்கில் வாழ்ந்தவர் எழுதியது’ என்று போட்டிருந்தார்கள். இப்போது அந்தப் பக்கமே இல்லை. புத்தக விலையோடு 2,000 ரூபாய் சேர்த்துத் தருவதாக விற்பனையாளர் மெயில் அனுப்பியிருக்கிறார் (நகல் இணைத்துள்ளேன்). மூன்று லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: மாமியார் பேசாததற்குச் சட்டத்தில் பரிகாரம் கிடையாது. அந்த 92 சதவீதமும் உதவாது. நான் சொந்தமாக எழுதிய பழைய மனு ஒன்றை அப்படியொரு தளத்தில் போட்டுப் பார்த்தேன். அதையும் மிஷின் எழுதியது என்றுதான் சொன்னது.

இயந்திரம் எழுதிய புத்தகத்தை விற்பது மட்டுமே குற்றமாகிவிடாது. உங்கள் வழக்கு நிற்பதெல்லாம், போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன ‘12 ஆண்டுகள் ஷில்லாங்கில் வாழ்ந்தவர்’ என்ற ஒரே வரியில்தான். ஷில்லாங்குக்கு ரயில் கிடையாது, எல்லோரும் குவாஹாட்டியில் இறங்கித்தான் போகிறார்கள். மேகாலயாவுக்கு ரயில் வந்ததே 2014-இல்தான். அதுவும் கரோ மலைப் பக்கம் மெந்திபதாருக்கு. பன்னிரண்டு நாள் அங்கே இருந்தவர்கூட 41-ஆம் பக்கத்தை எழுதியிருக்க மாட்டார். எழுதியது மனிதரா மிஷினா என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை. விற்பனைப் பக்கத்தில் சொன்னது பொய் என்று காட்டினால் போதும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி அது முறையற்ற வணிக நடைமுறை.

அந்த வரி உங்களிடம் இருக்கிறதா? பக்கம் போய்விட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறீர்களா, ஆர்டர் மெயிலில் அந்த விவரம் வந்திருக்கிறதா, பின்னட்டையில் அதே வாசகம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னட்டையில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம், புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் என்றால், இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் பிரிவு 63-இன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் வேண்டும் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும்.

மூன்று லட்சத்தை மறந்துவிடுங்கள். ‘கிளம்புவதற்கு முன் யாரையும் விசாரிக்கவில்லையா, மேப்பைக்கூடப் பார்க்கவில்லையா?’ என்றுதான் நுகர்வோர் ஆணையத்தில் முதலில் கேட்பார்கள்.

எனக்குக் கவலை உங்கள் பதிவைப் பற்றித்தான். அந்தப் படத்தில் இருப்பது யார்? இந்த மாதிரிப் புத்தகங்களில் ஆசிரியர் முகமே கணினி உருவாக்கியதாக இருப்பதுண்டு. இல்லையென்றால் எங்கிருந்தோ திருடிய யாரோ ஒருவரின் படமாக இருக்கும். அந்த ‘யாரோ’ உங்கள் மீது வழக்குப் போடலாம். மோசமாக எழுதும் மனிதர்களும் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர், ஒரு கோயில் சுற்றுலா நூலை ‘ஆளே இல்லாத ஆசிரியர்’ என்று எழுதிவிட்டார். அந்த ஆசிரியர் ஓய்வுபெற்ற மனிதர். கையெழுத்து நோட்டுகள் மூன்றைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கே வந்துவிட்டார். நூலில் பாதித் தகவல் தப்புதான். ஆனால் ஆள் இருந்தாரே! வேறு மாவட்ட நீதிமன்றத்துக்கு நாலு வாய்தா அலைந்து, கடைசியில் மன்னிப்புக் கடிதமும் பணமும் கொடுத்துவிட்டு வந்தோம்.

அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் விதிக்கலாம். ‘நான் சொன்னது உண்மை’ என்பதோடு தப்ப முடியாது. உண்மை என்றும், பொதுநலனுக்காகச் சொன்னேன் என்றும் நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். ஆகவே படத்தையும் ‘ஃபிராடு’ என்ற சொல்லையும் இன்றே எடுத்துவிடுங்கள். ‘41-ஆம் பக்கத்தில் ஷில்லாங் ரயில் நிலையம் என்று இருக்கிறது, அப்படி ஒன்று இல்லை’ என்று எழுதுங்கள். அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

சமரசத்துக்குப் போங்கள். 749-க்கு வாங்கிய புத்தகத்துக்கு 2,000 கூடுதலாகக் கிடைப்பது, நீங்கள் ஒரு வருடம் நடந்து வாங்கக்கூடியதை விட மோசமில்லை. ஆனால் அந்த மெயிலை அப்படியே ஏற்றுவிடாதீர்கள். மூன்றாவது வரியைப் படித்தீர்களா? ‘வாடிக்கையாளர் தம் குற்றச்சாட்டுகள் தவறானவை என ஒப்புக்கொள்கிறார்.’ பணத்துக்கு ஆசைப்பட்டு இதற்குச் சம்மதித்துவிட்டு, அடுத்த மாதமே அதையே ஆதாரமாகக் காட்டி வந்த நோட்டீஸோடு என்னிடம் ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, இரு தரப்பும் ஒருவர் மீது ஒருவர் எந்த நடவடிக்கையும் எடுப்பதில்லை என்று கேளுங்கள். அதுவும் விற்பனையாளரை மட்டுமே கட்டுப்படுத்தும், ஆசிரியரை அல்ல. படத்தை எடுக்கச் சொன்னது அதனால்தான்.

விற்பனையாளர் மறுத்தால், புத்தகம் வாங்கிய தளத்துக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுத்து அவருடைய முகவரியைக் கேளுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி கொடுத்தாக வேண்டும். அப்புறம் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் போடலாம். வாங்கிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிடுங்கள்.