வாரி எறிந்தாலும் திரும்பி வரும் பாசி

கேள்வி: 20 சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறேன். ஓரமெல்லாம் பச்சைக் கம்பளி விரித்தது போல் பாசி. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தெளித்தால் மேலே கருகுகிறது, கொஞ்ச நாளில் மறுபடி வந்துவிடுகிறது. அளவைக் கூட்டலாமா?
- வாசகர், பாபநாசம்

பதில்: கூட்டவே கூட்டாதீர்கள். பாசிக்கு முன்னால் மீன் செத்துவிடும். ஒரு கைப்பிடி பாசியை எடுத்து விரலிடையில் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று நழுவினால் ஸ்பைரோகைரா. அது மயில்துத்தத்துக்கு எளிதில் மடியும். பூண்டு நாற்றம் அடித்து நறநறவென்று இருந்தால் காரா. வழவழப்பே இல்லாமல் சொரசொரவென்று, பிழிந்தாலும் கம்பளி நூல் போலவே இருந்தால் பித்தோஃபோரா. உங்களுடையது அநேகமாக இதுதான். தடித்த உறை கொண்ட உறங்கும் செல்களை இது உண்டாக்கும். அவை சேற்றில் கிடந்து பிறகு முளைக்கும். அடர்ந்த படலத்தின் உள்ளே மருந்து இறங்குவதும் இல்லை.

எனவே முதல் வேலை வாருவதுதான். பல் வைத்த வாரியாலோ பழைய வலையாலோ ஓரத்திலிருந்து சுருட்டி இழுங்கள். வாரியதைக் கரையில் குவித்தால் மழையில் சத்தெல்லாம் குட்டைக்கே வழியும். தள்ளிக் கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் போடுங்கள்.

மிச்சமிருப்பதற்குத்தான் மருந்து. அதற்கு முன் தண்ணீரின் மொத்தக் காரத்தன்மையைச் (அல்கலினிட்டி; pH அல்ல) சோதித்தே ஆக வேண்டும். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வருகிறதோ அதை 100-ஆல் வகுங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு அத்தனை கிராம் மயில்துத்தம். 20 சென்ட் என்பது ஏறக்குறைய 810 சதுர மீட்டர். சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் 970 கன மீட்டர் தண்ணீர். காரத்தன்மை 100 இருந்தால் மொத்தம் 970 கிராம். 50-க்குக் கீழே இருந்தால் மயில்துத்தத்தைத் தொடாதீர்கள், மீனுக்கு நஞ்சு. 250-க்கு மேல் போனால் தாமிரம் படிந்து வீணாகும்.

மொத்தத்தையும் ஒரே நாளில் போடக் கூடாது. குட்டையை மூன்று பங்காகப் பிரித்து, மேலே சொன்ன கணக்குக்குப் பங்குக்கு 320 கிராம் வீதம், பத்து நாள் இடைவெளியில் போடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் முழுக்கக் கரைத்து, வெயில் அடிக்கும் காலையில் சீராகத் தெளியுங்கள். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மருந்து போட்டபின் மீன் சாவது பெரும்பாலும் இதனால்தான். இரவில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரோ, தண்ணீரைத் தூக்கி வீசும் மோட்டாரோ ஓடட்டும்.

இத்தனை செய்தாலும் ஓரம் ஒன்றரை அடி ஆழத்திலேயே இருந்தால் பாசி திரும்ப வரும். அடிவரை வெயில் படுவதுதான் அதற்கு வசதி. ஓரத்தை மூன்றடிக்கு வெட்டி ஆழமாக்குங்கள். நூல்பாசி நிற்கும்போது சாணம் கரைத்தால் அது பாசிக்குத்தான் தீனி. வாரி முடித்த பிறகு போட்டால் நுண்பாசி பெருகித் தண்ணீர் இளம்பச்சையாகும், அடிக்கு வெளிச்சம் போகாது. கறுப்பும் வெள்ளையும் பூசிய 20 செ.மீ. தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் 30 முதல் 40 செ.மீ. ஆழத்தில் மறைய வேண்டும். அதுதான் சரியான பச்சை.

கேள்வி: காற்று ஒதுக்கும் மூலையில் பச்சை பெயின்ட் ஊற்றியது போல் ஆடை படிகிறது. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது.
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: குச்சியை விட்டு எடுங்கள். நூல் நூலாகச் சுற்றாமல் பெயின்ட் போல் வழிந்தால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகப்படலாம். அந்தத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். பச்சை மேலே வளையமாக மிதந்தால் சந்தேகம் வலுக்கும். இதற்கு மயில்துத்தம் வேண்டாம். செல்கள் உடைந்து உள்ளேயிருக்கும் நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கலக்கும். ஆடுமாடுகளை அந்தத் தண்ணீரில் வாய் வைக்க விடாதீர்கள். தீவனத்தையும் சாணத்தையும் உடனே நிறுத்துங்கள். ஆடையை மேலோடு வடித்துவிட்டு, கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். நள்ளிரவு முதல் விடியும்வரை ஏரேட்டர் ஓட வேண்டும், ஆக்சிஜன் அப்போதுதான் ஆகக் குறையும்.

கேள்வி: புல்கெண்டை மீன் விட்டால் பாசி போய்விடுமா?
- வாசகர், மேலூர்

பதில்: வேலம்பாசி போன்ற மென்மையான களைகளைத்தான் முதலில் மேயும். நூல்பாசிக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். குட்டை வற்றும்போது வெடிப்பு விடும்வரை காயப்போட்டு, மேல் சேற்றை வழித்து, சென்டுக்கு ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு தூவுங்கள். வேறு குட்டையில் இழுத்த வலையை வெயிலில் நன்றாகக் காயவைக்காமல் இதில் இறக்காதீர்கள்.