வேளாண் கேள்வி-பதில்: தரச்சான்றும் வயலின் பல்லுயிர்ச் செழுமையும்

கேள்வி: அங்ககச் (ஆர்கானிக்) சான்று பெற்ற விளைபொருளில் நஞ்சு துளியும் இராது என்றும், சான்று இல்லாதது தரத்தில் தாழ்ந்தது என்றும் பலர் சொல்கிறார்கள். சான்றிதழ் உண்மையில் எதை உறுதி செய்கிறது?

பதில்: இரண்டு கூற்றுமே மிகை. அங்ககச் சான்று விளைபொருளுக்கு இடப்படும் மதிப்பெண் அன்று. அதை விளைவித்த முறைக்குத் தரப்படும் உறுதி. விவசாயி தடை செய்யப்பட்ட செயற்கை உரங்களையும் பூச்சிக்கொல்லிகளையும் தவிர்த்து, மரபணு மாற்றிய விதையை விதைக்காமல், பயிர்ச் சுழற்சியாலும் தொழு உரத்தாலும் மண்வளத்தைக் காத்து, அனைத்தையும் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறாரா என்பதை, விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் தரப்பு ஒன்று ஆண்டுதோறும் ஆய்வு செய்து சொல்கிறது. சுவை, பருமன், சத்து ஆகியவற்றைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அங்கக வேளாண்மையில் மருந்தே தெளிப்பதில்லை என்ற எண்ணமும் சரியன்று. ஐரோப்பிய ஒன்றியம் பூஞ்சை நோய்களுக்குச் செம்புக் கலவைகளை அனுமதிக்கிறது. ஆனால் 7 ஆண்டுகளில் எக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் வைத்திருக்கிறது.

இதனோடு குழப்பிக்கொள்ளப்படுவது நல்ல வேளாண் நடைமுறைச் சான்று. ஐரோப்பியச் சில்லறை வணிகர்கள் 1997-இல் யூரெப்கேப் என்று தொடங்கி, 2007-இல் குளோபல்கேப் என்று பெயர் மாற்றிய அந்த முறை, ரசாயனங்களை விலக்குவதில்லை. அனுமதிக்கப்பட்ட மருந்தா, அளவு சரியா, தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே உரிய நாள்கள் விடப்பட்டனவா, தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்பவையே அதன் கவலை.

கேள்வி: நான் சிறு விவசாயி. சான்றுக்கான செலவும் காத்திருப்பும் எனக்குக் கட்டுப்படியாகுமா?

பதில்: வாங்கப்போகிறவர் யார் என்று தெரியாமல் சான்றுக்கு விண்ணப்பிக்காதீர்கள். உங்களை நேரில் அறிந்தவர்களே வாங்குகிறார்கள் என்றால் காகிதத்துக்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண். தொலைதூரச் சந்தைக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்புவதென்றால் அது இல்லாமல் நுழையவே முடியாது. அமெரிக்காவில், அங்கக விற்பனை ஆண்டுக்கு 5,000 டாலரைத் தாண்டாதவர்கள் விதிகளைப் பின்பற்ற வேண்டுமே தவிர, சான்று பெற வேண்டியதில்லை.

கட்டணத்தைவிடக் கனமான சுமை மாற்றக் காலம். ஐரோப்பிய விதிப்படி ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகள், பல்லாண்டுப் பயிர்களுக்கு முதல் அங்கக அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள் நிலத்தை விதிகளுக்கு உட்படுத்தி நடத்த வேண்டும். அந்தக் காலத்தில் விளைச்சல் பெரும்பாலும் குறையும், விலையோ உயராது. ஆகவே நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்றாமல் பகுதி பகுதியாக மாற்றுவது நல்லது. ஆனால் இரு பகுதிகளின் விளைச்சலும் கலக்காமல் தனித்தனிக் கணக்கு வைத்தாக வேண்டும்.

செலவைப் பகிர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விவசாயிகள் பலர் சேர்ந்து ஒரே சான்றாகப் பெறும் குழுச் சான்று: 2022 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியச் சட்டம் ஒரு குழுவுக்கு 2,000 உறுப்பினர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. மற்றொன்று பங்கேற்பு உத்தரவாத முறை. விவசாயிகளும் நுகர்வோரும் ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்வது. 2004-இல் பிரேசிலின் டோரஸ் நகரில் நடந்த பன்னாட்டுப் பயிலரங்குக்குப் பிறகு இது உலக அளவில் கவனம் பெற்றது. உள்ளூர்ச் சந்தைக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஏற்றுமதிச் சந்தைகளில் இது பொதுவாகச் செல்லாது.

கேள்வி: வரப்பில் பூச்செடிகளையும் மரங்களையும் விட்டுவைத்தால் பூச்சி பெருகும் என்கிறார்கள். பல்லுயிர் பேணுவதால் விவசாயிக்கு என்ன லாபம்?

பதில்: பூச்சி பெருகும் என்பது உண்மைதான், எந்தப் பூச்சி என்பதே கேள்வி. இந்தோனேசிய நெல் வயல்களின் அனுபவம் இதற்குத் தெளிவான விடை. 1980-களில் மானியத்தோடு தாராளமாகத் தெளிக்கப்பட்ட பூச்சிக்கொல்லி, நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சியை உண்ணும் சிலந்திகளையும் நீர்ப்பூச்சிகளையும் கொன்றது. புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் இடுவதால் அவை தப்பித்தன. பொரித்த குஞ்சுகள் எதிரியே இல்லாத வயலில் பெருகின. தெளிக்கத் தெளிக்கப் புகையான் கூடியதைக் கண்ட அரசு, 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்து, மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. பஞ்சம் வரும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள், வரவில்லை.

சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளில் நெல் வரப்புகளில் தேன் மிகுந்த பூச்செடிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளியானது. பூக்களின் தேனை உண்டு ஆயுள் கூடிய ஒட்டுண்ணிக் குளவிகள் புகையான் முட்டைகளைத் தேடி அழித்தன; பூச்சிக்கொல்லித் தெளிப்பு 70 சதவீதம் குறைந்து, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. ஆனால் எல்லாப் பூவும் இதற்கு உதவாது. பயிரைத் தாக்கும் அந்துப்பூச்சிக்கும் தேன் கொடுக்கும் செடியை நட்டுவிட்டால் கதை தலைகீழாகிவிடும். அதனால் முதலில் ஒரு வரப்பில் மட்டும் வளர்த்து, என்னென்ன வந்து அமர்கின்றன என்று ஒரு பருவம் கவனியுங்கள்.

அங்ககச் சான்று இருந்தாலே பல்லுயிர் இருக்கிறது என்று பொருளாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பரந்த நிலத்தில் ஒரே பழமரத்தை வரிசையாக நட்டவரும் விதிகளைக் காத்தால் சான்று பெறலாம். பல்லுயிரையே அளந்து பார்க்கும் முத்திரைகள் வேறு. காபித் தோட்டங்களுக்கு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தரும் பறவை நேயச் சான்று, அங்ககச் சான்றோடு குறைந்தது 40 சதவீத மரநிழலையும், முதன்மை நிழல்மரத்தைத் தவிர மேலும் 10 வகை மரங்களையும் கேட்கிறது. எண்ணிப் பார்க்கக்கூடிய இத்தகைய நிபந்தனைகள்தாம் என் நம்பிக்கைக்கு உரியவை. ‘இயற்கையோடு இயைந்த’ என்ற அச்சடித்த வாசகம் அன்று.

கேள்வி: பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்து காற்றில் வந்து விழுந்தால் என் சான்று பறிபோகுமா?

பதில்: விபத்தாக விழுந்ததற்காக உடனே பறிபோகாது; மறைத்தால் போகும். எல்லையில் உயிர்வேலியும் இடைவெளியும் விடுங்கள். எல்லையோரப் பட்டையின் விளைச்சலைத் தனியே அறுத்துச் சாதாரணப் பொருளாக விற்றுவிடுங்கள். மருந்து விழுந்த நாள், காற்று வீசிய திசை, பாதித்த பரப்பு ஆகியவற்றை அன்றே பதிவேட்டில் எழுதி, ஆய்வாளர் வரும்வரை காத்திராமல் சான்றளிக்கும் அமைப்புக்குத் தெரிவித்துவிடுங்கள். அமெரிக்க விதிப்படி, அனுமதிக்கப்பட்ட பூச்சிக்கொல்லி எச்ச வரம்பில் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சரக்கை அங்ககப் பொருளாக விற்க முடியாது; ஆகையால் அந்தச் சந்தைக்கு அனுப்புபவர்கள் எல்லையோர மாதிரியைத் தாமே முன்கூட்டிப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.